நரைத்த தலைகள் நாடாளுமன்றத்தில்! நாதியற்ற முதியவருக்குக் கிடைத்தது என்ன?



"நாட்டை ஆள்வதே கிழவர்கள்தான். அப்புறம் என்ன முதியோர் உரிமை, முதியோருக்குப் பிரதிநிதித்துவம்?" கடைவீதியில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் உங்களில் இருக்க முடியாது. "பெரிசுகள் எல்லாம் ஒதுங்கட்டும், அறுபத்தைந்து தாண்டியவருக்குப் பதவியே கூடாது." இது இளைஞர் கூட்டங்களில் கைத்தட்டல் வாங்கும் பேச்சு. "அவர்களுக்கு இன்னும் எத்தனை நாள்? எதிர்காலம் நம்முடையது, முடிவும் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும்." இது படித்தவர்கள் பேசுவது.

மூன்றும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் மூன்றிலும் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் வாதம் நிற்காது என்பதால்தான் சொல்லாமல் விடுகிறார்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எடைக்கல் சரியாக இருக்கும். தராசு முள்ளும் நேராக நிற்கும். ஆனால் தட்டின் அடியில் ஒரு உருண்டை புளி ஒட்டியிருக்கும். கல்லையும் முள்ளையும் மட்டும் பார்த்தவன் ஏமாந்து போவான். தட்டைத் தூக்கி அடியில் பார்த்தவன் தப்பித்துக் கொள்வான். அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்க ஒரு அத்தியாயமே (83) அருளப்பெற்ற சமுதாயம் நாம். அரிசி, பருப்பு நிறுப்பதில் காட்டும் அந்த எச்சரிக்கையை வாதங்களை நிறுப்பதில் காட்ட வேண்டாமா?

வாருங்கள், ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பார்ப்போம்.

வயது ஒன்றானால் வயிறும் ஒன்றா?

முதல் வாதம் என்ன சொல்கிறது? நாடாளுமன்றத்தில் வயதானவர்கள் நிறைந்திருக்கிறார்கள். ஆகவே வயதானவர்களின் நலன் அங்கே காக்கப்படுகிறது.

முதல் பாதி உண்மைதான். 2024இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 18ஆவது மக்களவையின் சராசரி வயது 56. உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 55 வயதைக் கடந்தவர்கள். இரண்டாம் பாதி எப்படி வந்தது? நடுவில் ஒளிந்திருக்கும் வாக்கியம் இதுதான்: "ஒரே வயதுடையவர்களுக்கு ஒரே நலன்தான் இருக்கும், பதவியில் இருக்கும் முதியவர் பதவியில் இல்லாத முதியவருக்காகப் பேசுவார்."

இது உண்மையா? கணக்கைப் பாருங்கள்.

ஏழை முதியோருக்கு மத்திய அரசு உதவித்தொகை வழங்கும் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று மாதம் 75 ரூபாயுடன் தொடங்கியது. 2006இல் 200 ரூபாய் ஆனது. 2011இல் தகுதி வயதை 65இலிருந்து 60 ஆகக் குறைத்தார்கள். 80 வயதைத் தொட்டவருக்கு 500 ரூபாய் என்றார்கள். அறுபது முதல் எழுபத்தொன்பது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 2024இலும் அதே 200 ரூபாய்தான். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு ரூபாய் கூடவில்லை! தமிழ்நாட்டில் இன்று ஒரு மூதாட்டி கையில் 1,200 ரூபாய் வாங்குகிறார் என்றால், 2011இல் 1,000 ஆகவும் 2023இல் 1,200 ஆகவும் உயர்த்திய மாநில அரசு தன் பங்கைப் போடுவதால்தான்.

அதே நாடாளுமன்றம் தன் உறுப்பினர்களுக்கு என்ன செய்து கொண்டது? முன்னாள் எம்.பி.யின் குறைந்தபட்ச மாத ஓய்வூதியம் 2018இல் 25,000 ரூபாய். விலைவாசி ஏற ஏற தானாகவே உயரும்படி விதியும் செய்து கொண்டார்கள். அதன்படி 2023 ஏப்ரலிலிருந்து கணக்கிட்டு 31,000 ரூபாயாக உயர்த்தி 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது.

ஆக, விலைவாசி ஏறுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. முதுமையில் மருந்து வாங்கக் காசு வேண்டும் என்பதும் தெரியாமல் இல்லை. தங்கள் முதுமைக்கு விலைவாசிப் படி, ஏழையின் முதுமைக்கு அதே 200! சபையில் இருந்தவர்கள் நரைத்த தலையினர்தான். நரை ஒன்றாக இருந்தது, பை வேறாக இருந்தது.

நமக்கு இது புதிய பாடமா?

சகோதரர்களே! இந்த ஏமாற்று நமக்குப் பழக்கமானது. "உங்கள் ஆள் ஒருவர் அமைச்சராக இருக்கிறாரே, இன்னும் என்ன வேண்டும்?" என்று நம்மிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! 2022 ஜூலை வரை மத்திய அமைச்சரவையில் ஒரு முஸ்லிம் அமைச்சர் இருந்தார். அவர் இருக்கும்போதுதான் 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. பெயர் இருந்தால் குரல் இருக்கும் என்பது அங்கேயே பொய்த்துப் போனது.

அதற்காக, ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது அடுத்த தட்டில் ஒட்டிய புளி! 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நாம் 14.2 விழுக்காடு. 2024இல் மக்களவைக்குச் சென்ற முஸ்லிம்கள் 24 பேர். ஆளும் பா.ஜ.க.வின் மக்களவை உறுப்பினர்களில் ஒரு முஸ்லிம்கூட இல்லாத நிலையில்தான் 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்தச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆள் இருப்பது மட்டும் போதாது என்பதும் உண்மை. ஆள் இல்லாமல் போனால் கேட்க நாதியில்லை என்பதும் உண்மை. நம் விஷயத்தில் இவ்விரண்டையும் தெளிவாகப் பேசுகிற நாம், முதியவர் விஷயத்தில் மட்டும் "அவர்கள்தானே ஆள்கிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது என்ன நியாயம்?

ஓட்டு இருந்தால் உரிமை வந்துவிடுமா?

இதற்குத் துணையாக இன்னொரு வாதம் வரும். "முதியவர்கள் தவறாமல் ஓட்டுப் போடுகிறார்கள். அதனால் கட்சிகள் அவர்களைக் குளிர வைக்கின்றன."

ஒளிந்திருக்கும் வாக்கியம்: "முதியவர்கள் எல்லோரும் முதியவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றாக ஓட்டுப் போடுகிறார்கள், அதற்குப் பயந்து அரசு கொடுக்கிறது."

இதுவும் நமக்குத் தெரிந்த பொய்தான். 'முஸ்லிம் வாக்கு வங்கி', 'சிறுபான்மையினரைத் தாஜா செய்கிறார்கள்' என்று ஆண்டுக்கணக்கில் கூச்சல் போட்டார்களே! 2006 நவம்பரில் சச்சார் குழு அறிக்கை வந்தபோது தெரிந்தது என்ன? 2001 கணக்கெடுப்பின்படி 13.4 விழுக்காடாக இருந்த முஸ்லிம்கள் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் வெறும் 3 விழுக்காடு, ஐ.பி.எஸ்.ஸில் 4 விழுக்காடு! வாக்கு வங்கியில் போட்ட பணம் எங்கே போயிற்று?

முதியவர் கதையும் அதுவே. 2011இல் நாட்டில் அறுபது வயது கடந்தவர்கள் 10 கோடியே 38 லட்சம் பேர். ரயிலில் அறுபது கடந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும், 58 கடந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். நோய் போயிற்று, ரயில்கள் ஓடின, நடைமேடைகள் நிரம்பி வழிந்தன. 2024 பொதுத்தேர்தலும் வந்து போயிற்று. சலுகை மட்டும் திரும்பவில்லை. பத்துக் கோடி ஓட்டுக்குப் பயந்தவர்கள் செய்கிற காரியமா இது?

ஓட்டுப் போடும் வசதியையே எடுத்துக் கொள்ளுங்கள். 80 வயது கடந்தவர்கள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். 2021 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் அது நடைமுறையில் இருந்தது. 2024 மார்ச்சில் அந்த வயதை 85 ஆக உயர்த்திவிட்டார்கள். மூட்டு வலியோடு படி இறங்க முடியாத 82 வயதுப் பெரியவர், 40 விழுக்காடு ஊனம் என்று சான்றிதழ் காட்டினால் ஒழிய, வாக்குச்சாவடிக்கு நடந்துதான் போக வேண்டும்.

வயது வரம்பு என்னும் கத்தி

இப்போது நம் இளைஞர்களின் வாதத்துக்கு வருவோம். "வயதானவர்கள் ஒதுங்கினால் இளைஞர்களுக்கு இடம் கிடைக்கும்."

இதில் ஒன்றல்ல, இரண்டு வாக்கியங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, வயது ஏறினால் தகுதி போய்விடும். இரண்டு, காலியாகும் நாற்காலி சாதாரண வீட்டு இளைஞனுக்குக் கிடைக்கும்.

முதலாவதைப் பாருங்கள். கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்கள் பிறந்தது 1896 ஜூன் 5. மஞ்சேரியிலிருந்து முதன்முறையாக மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1962 தேர்தலில். அப்போது அவருக்கு வயது 65. மீண்டும் 1967இல், எழுபது வயதில். மீண்டும் 1971இல், எழுபத்து நான்கு வயதில். 1972 ஏப்ரல் 5 அன்று மறையும்வரை உறுப்பினராகவே இருந்தார். நீங்கள் கேட்கும் அறுபத்தைந்து வயது வரம்பு அன்று இருந்திருந்தால், 1967இலும் 1971இலும் அவர் வேட்புமனுவே போட்டிருக்க முடியாது! மேடைதோறும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே, அவரையே வெளியே நிறுத்தும் விதியைக் கேட்கலாமா?

நம் நாட்டு அரசியல் சட்டம் மக்களவைக்கு 25, மாநிலங்களவைக்கு 30 என்று குறைந்தபட்ச வயதைத்தான் சொல்கிறது. மேல் வரம்பு வைக்கவில்லை. யார் வேண்டும், யார் வேண்டாம் என்பதை வாக்காளரிடம் விட்டிருக்கிறது.

இரண்டாவதைப் பாருங்கள். 75 வயது என்று எழுதப்படாத ஒரு விதியை 2014இல் பா.ஜ.க. கொண்டுவந்தது. அத்வானியும் முரளி மனோகர் ஜோஷியும் 'வழிகாட்டும் குழு' என்ற பெயரில் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். அதே கட்சி 2019 ஜூலையில் 76 வயது எடியூரப்பாவைக் கர்நாடக முதல்வராக்கியது. 2024 மே மாதத்தில், அப்படி ஒரு விதியே கட்சியின் அமைப்புச் சட்டத்தில் இல்லை என்று அமித் ஷா சொன்னார். 2025 செப்டம்பர் 17 அன்று பிரதமருக்கு 75 வயது நிறைந்தது. நாற்காலி அசைந்ததா? அத்வானிக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. அவருடைய ரத யாத்திரையை நாம் மறக்கவும் மாட்டோம். ஆனால் வயது வரம்பு என்பது யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு வேண்டாதவரை வெட்டும் கத்தி என்பதை அந்தக் கட்சியே நமக்குக் காட்டித் தந்திருக்கிறது.

காலியான நாற்காலியில் யார் உட்காருகிறார்கள்? எல்லாக் கட்சியிலும் பார்க்கிறோம். அப்பா இறங்கினால் மகன் ஏறுகிறார். மாமா இறங்கினால் மருமகன். அவர்களும் இளைஞர்கள்தான்! வயது குறைந்தது, வீடு மாறவில்லை.

"அப்படியானால் முப்பது ஆண்டாக ஜமாஅத் தலைவர் பதவியை விடாமல் பிடித்துக் கொண்டிருக்கிறாரே, அவரை என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நோய் எது? அவருக்கு எழுபது வயதானதா, முப்பது ஆண்டாகத் தேர்தல் நடக்காததா, வரவு செலவுக் கணக்கு ஜமாஅத்தில் வைக்கப்படாததா? நாற்பது வயதில் வந்து நாற்பது ஆண்டு உட்கார்ந்திருப்பவரையும் வயது வரம்பு இருபத்தைந்து ஆண்டு தொடவே தொடாது. இரண்டு முறைக்கு மேல் ஒருவரே தொடரக் கூடாது என்று பதவிக்கால வரம்பு கேளுங்கள். ஆண்டுதோறும் கணக்குக் கேளுங்கள். இது முறை.

இருபது வயதை ஒட்டிய உஸாமா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் படைத் தளபதியாக்கினார்கள். மூத்த ஸஹாபாக்கள் அந்தப் படையில் இருந்தார்கள். முதுமையில் கான்ஸ்டான்டிநோபிள் வரை படையோடு சென்று அங்கேயே மறைந்தவர் அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி). இருவரையும் யாரும் பிறந்த ஆண்டைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, ஒதுக்கவுமில்லை.

"இன்னும் எத்தனை நாள்?"

மூன்றாவது வாதம்தான் மிகவும் ஆபத்தானது. எதிர்காலத்தில் வாழப் போகிறவனுக்கே முடிவெடுக்கும் உரிமை அதிகம் என்கிறார்கள்.

ஒளிந்திருப்பது என்ன? "ஒருவரின் உரிமை அவருக்கு மிச்சமிருக்கும் நாட்களைப் பொறுத்தது." இதை வெளிப்படையாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு கூசும். அப்படியென்றால் தீராத நோயில் இருக்கும் முப்பது வயதுக்காரனின் ஓட்டுக்கு அரை மதிப்பா? யாருக்கு எத்தனை நாள் என்பது எவருக்கு எழுதித் தரப்பட்டிருக்கிறது? ஆயுளை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே என்று ஈமான் கொண்டவர்கள், ஆயுளை அளந்து உரிமையைப் பங்கு போட முடியுமா?

வணிகர்களே! முதியோர் விவகாரம் வேறு யாருடையதோ என்று இருந்துவிடாதீர்கள். சிறு வணிகர்களுக்கென்று மத்திய அரசு 2019 செப்டம்பரில் ஒரு ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. அறுபது வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய். யார் சேரலாம்? 18 முதல் 40 வயது வரை உள்ளவர்கள் மட்டும். பத்தொன்பது வயதில் கல்லாவில் உட்கார்ந்து, இருபத்திரண்டு ஆண்டு வரி கட்டி, நாற்பத்தொன்றில் நிற்கும் கடைக்காரருக்குக் கதவு மூடப்பட்டுவிட்டது. அவருக்கு வைப்பு நிதி இல்லை, பணிக்கொடை இல்லை. கால் தளர்ந்து கடை மூடும் நாளில் அவர் எதை நம்புவார்? அந்த 200 ரூபாயையா? முதியவரின் குரலை இன்று நீங்கள் அடக்கினால், நாளை உங்கள் குரலுக்கே நீங்கள் பூட்டுப் போடுகிறீர்கள்.

நம் தட்டின் அடியிலும் பாருங்கள்

ஊரார் தட்டையெல்லாம் தூக்கிப் பார்த்தோம். நம்முடையதையும் தூக்குவோம். நமக்கும் நம் பெற்றோருக்கும் எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்திருக்கச் சொல்கிறது நம் வேதம் (4:135).

"எங்கள் ஜமாஅத் நிர்வாகத்தில் பெரியவர்கள்தான் அதிகம். அதனால் முதியோருக்குக் குறையில்லை" என்கிறோம். ஒளிந்திருக்கும் வாக்கியம்: "முதியவர் என்றால் சொத்துள்ள ஆண்." கணவனை இழந்து, மகன் வெளிநாட்டில், மருமகள் தனிக்குடித்தனத்தில் என்று ஒற்றை அறையில் கிடக்கும் பெருமாவுக்கு அந்த நிர்வாகத்தில் யார் குரல்? ரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காமல், ரேஷன் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் கிழவிக்காக எந்த நிர்வாகி வட்ட வழங்கல் அலுவலகப் படி ஏறினார்?

கௌலா (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். கணவர் செய்த அநீதியை நபியவர்களிடம் முறையிட்டார். அல்லாஹ் அந்த முறையீட்டைச் செவியேற்று வசனம் இறக்கினான் (58:1). பின்னாளில் வயது முதிர்ந்த அவர் கலீஃபா உமர் (ரலி) அவர்களை வழியில் நிறுத்திப் பேசியபோது, உடன் வந்தவர்கள் முணுமுணுத்தும் உமர் நின்று கேட்டார்கள். ஏழு வானங்களுக்கு மேலிருந்து கேட்கப்பட்ட குரலை நான் கேட்காமல் போவதா என்பதே அவர்கள் தந்த பதிலின் கருத்து. அதே உமர்தான், கையேந்தி நின்ற யூத முதியவரைக் கண்டு, வரியை நீக்கி, பைத்துல்மாலிலிருந்து உதவ உத்தரவிட்டார்கள். இமாம் அபூயூசுஃப் 'கிதாபுல் கராஜ்' நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த முதியவர் ஓட்டு வங்கியும் அல்ல, உமருடைய இனமும் அல்ல. கேட்கும் காதும், பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சமும் ஆட்சியாளரிடம் இருந்தன.

என்ன செய்ய வேண்டும்?

இளைஞர்களே! இனி யார் மேடையில் முதியவரைப் பற்றிப் பேசினாலும், "அதனால்" என்று அவர் சொல்லும் இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்: எதை உண்மை என்று வைத்துக்கொண்டு இந்த "அதனால்" வந்தது? அதே வாதத்தை முஸ்லிம்களை வைத்துச் சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

அதோடு நிற்காதீர்கள். வரும் ஜும்ஆவுக்குள் உங்கள் மஹல்லாவில் அறுபது கடந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் உதவித்தொகை வாங்குபவர் எத்தனை, விண்ணப்பித்தும் கிடைக்காதவர் எத்தனை என்று தெருவாரியாகக் கணக்கெடுங்கள். பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். விண்ணப்பங்களைத் திரட்டி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நீங்களே எடுத்துச் செல்லுங்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடம், வெற்றிலைப் பாக்கு வைக்குமுன் இந்தக் கேள்வியை வையுங்கள்: உங்கள் ஓய்வூதியத்துக்கு விலைவாசிப் படி உண்டு, எங்கள் தெரு மூதாட்டியின் 200 ரூபாய்க்கு எப்போது?

சிறியோரிடம் இரக்கமும் பெரியோரிடம் மரியாதையும் காட்டாதவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்பது நபிமொழி தரும் எச்சரிக்கை. மரியாதை என்பது ஸலாம் சொல்லி நாற்காலி போடுவதோடு முடிவதில்லை. அவருடைய பங்கை எடைபோடும்போது தட்டின் அடியில் எதையும் ஒட்டாமல் இருப்பதே முதல் மரியாதை.

சிந்திப்பீர்! செயல்படுவீர்! அல்லாஹ் அருள் புரிவானாக!